நல்ல செடியில் ஒரு கோடு

போன மாதம் ஒரு காலை, நான் வேலை பார்த்த ஆய்வு நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். காப்பி ஆறுவதற்குள் மடிக்கணினியைத் திறந்து என் முன்னால் வைத்தாள். திரையில் ஒரு நூல் தெரிந்தது. நேராகப் போய்க்கொண்டிருந்த அந்த நூல், முடியும் இடத்தில் மடங்கி, தன் மேல் தானே ஒட்டிக்கொண்டு, போடிமெட்டுச் சாலை மாதிரி மூன்று நான்கு கொண்டை ஊசி வளைவுகள் போட்டிருந்தது.

“ஐயா, இது ஏலக்காய்க் கட்டே வைரசோட ஆர்.என்.ஏ. அதோட வால் இப்படித்தான் மடிஞ்சிருக்கும்னு கம்ப்யூட்டர் கணிச்சுக் கொடுத்திருக்கு” என்றாள்.

நான் எழுந்து, திரையை விரலால் தடவ ஆரம்பித்தேன். அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடினாள். கிழவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். ஒன்றும் ஆகவில்லை, சந்தோஷம்தான். முப்பத்தைந்து வருடமாகக் காதால் மட்டும் கேட்டிருந்த ஒருவரின் முகத்தை முதல்முறை பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

“உங்க காலத்துல இதெல்லாம் தெரியுமா ஐயா?” என்று கேட்டாள்.

“மடிப்பு எப்படி இருக்கும்னு தெரியாதும்மா. மடிப்புனு ஒண்ணு இருக்கணும்னு தெரியும். அத நம்பி ஒரு தோட்டத்தையே காப்பாத்தியிருக்கோம்” என்றேன்.

எழுதித் தாருங்கள் என்று பிடித்துக்கொண்டாள். எழுதுகிறேன். ஆனால் ஒன்று, நான் விஞ்ஞானி இல்லை. ஆய்வக உதவியாளனாகச் சேர்ந்து ஆய்வக உதவியாளனாகவே ஓய்வு பெற்றவன். பெரிய வார்த்தைகளை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் கட்டே என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஏலச்செடிக்கு வரும் நோய் அது. இளம் இலையில் நடு நரம்பிலிருந்து ஓரம் வரைக்கும் வெளிறிய வரிகள் விழும். பிறகு தூர், அதாவது ஓர் அடியிலிருந்து கூட்டமாக எழும்பும் தட்டைகள், சிறுத்துக்கொண்டே போகும். இரண்டு மூன்று வருடத்தில் காய் நின்று, செடியும் போய்விடும். மருந்து கிடையாது. நோய் கண்ட தூரை வேரோடு பிடுங்கி அழிப்பது ஒன்றுதான் வழி. அசுவினி என்கிற சின்னப் பூச்சி நோயுள்ள செடியின் சாற்றை உறிஞ்சிவிட்டு நல்ல செடியில் போய் உட்காரும். அவ்வளவு போதும், நோய் குடிமாறிவிடும்.

எழுபதுகளின் தொடக்கத்தில், எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு, தினக்கூலியாக நிலையத்தில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் கண்ணாடிக் குழாய் கழுவினேன். அடுத்து வந்த வருடமெல்லாம் குரங்கணி மலைக் கிராமத்துக்கு மேலே தோட்டம் தோட்டமாக ஏறி, கட்டே விழுந்த தூர்களை எண்ணி, சிவப்புத் துணி கட்டினேன். அட்டைக்கடி, மழை, ஜீப்பில் வாந்தி எல்லாம் அதில் அடக்கம். தேவாரத்தில் பெண் எடுத்தேன். மாமனார் வீட்டில் என் வேலையைப் பற்றிக் கேட்டால் ‘ஏலச்செடிக்கு டாக்டர்’ என்று சொல்லி வைத்திருந்தார்கள். நானும் மறுக்கவில்லை. பத்து வருடத்துக்குள் எனக்கு இலையைத் தூரத்திலிருந்து பார்த்தே கட்டே இருக்கிறதா இல்லையா என்று சொல்லத் தெரிந்துவிட்டது. அதில் எனக்குத் தலைக்கனமும் வந்துவிட்டது.

அந்தத் தலைக்கனத்தை ஒரே வாரத்தில் இறக்கியவர் கோமதி மேடம். எண்பதுகளில் எங்கள் நிலையத்துக்கு வந்த வைரஸ் விஞ்ஞானி. திருநெல்வேலிக்காரர். ஒல்லியான உருவம், காதில் எப்போதும் ஒரு பென்சில். பேனாவைத் தொடவே மாட்டார், ஆய்வகத்துப் பீனால் அமிலம் பட்டால் மை ஓடிவிடும் என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எங்களை எல்லாம் ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவார். சாதாரண நாளில் நான் ‘பாண்டி’. கோபம் வந்துவிட்டால் ‘பாண்டி சார்’. அந்த ‘சார்’ விழுந்ததும் நிலையமே அடங்கிவிடும்.

வேலை முடிந்து கிளம்பும்போது தினமும் ஒரு கேள்வி கேட்பார்: “பாண்டி, இன்னைக்கு நோட்டுல எழுதாம செஞ்சது என்ன?”

முதல் நாள் எனக்குச் சுருக்கென்றது. திருட்டுத்தனத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. மனிதன் முக்கியம் என்று நினைப்பதை எழுதிவிடுவான். வழக்கமாகச் செய்வதை எழுத மாட்டான், அது அவன் கண்ணுக்கே தெரியாது. அதைத் தோண்டி எடுக்கத்தான் அந்தக் கேள்வி. ‘குழாயைக் கழுவிட்டு வேட்டியில துடைச்சேன் மேடம்’, ‘ஐஸ் பத்தலன்னு சோடாக்கடையில வாங்கிப் போட்டேன் மேடம்’ என்று ஒவ்வொரு நாளும் ஏதாவது வெளியே வரும். அவர் அதைப் பென்சிலால் குறித்துக்கொள்வார்.

ஒரு நாள் ஏலத்தட்டைகளைக் கட்டுகிற சணல் கயிறு ஒன்றை எடுத்து மேசையில் நீளமாகப் போட்டார்.

“வைரஸ்னா இவ்வளவுதான் பாண்டி. ஒத்தை இழை நூல். அதுக்கு மேல ஒரு சட்டை. செடிக்குள்ள போனதும் சட்டையைக் கழட்டிப் போட்டுடும். அப்புறம் தன்னைப் போலவே நகல் எடுக்கணும். நகல் எடுக்கிற நொதி எந்த நூலைப் பிடிக்கணும்னு எப்படிக் கண்டுபிடிக்கும்? செல்லுக்குள்ள ஆயிரம் நூல் கிடக்கே?”

கயிற்றின் நுனியை மடித்து ஒரு முடிச்சு மாதிரி சுருட்டினார்.

“வால் இப்படி மடிஞ்சிருக்கு. இந்த மடிப்பைத் தடவிப் பார்த்துத்தான் அது வந்து உட்காருது. மடிப்பு கலைஞ்சா நகல் இல்லை. வேற சில வைரசுல இதைக் கண்டுபிடிச்சிட்டாங்க. நம்ம கட்டேக்கு யாரும் இன்னும் பார்க்கலை. ஆனா இதுக்கும் ஏதோ ஒரு மடிப்பு இருக்கணும்.”

பிறகு இன்னொரு கயிற்றை எடுத்து முதல் கயிற்றோடு முறுக்கினார். நகல் எடுக்கும்போது பழைய நூலின் மேல் எதிர் நூல் படிந்து, கொஞ்ச நேரத்துக்கு இரண்டும் இரட்டை இழையாக நிற்கும். நோயில்லாத செடியில் நாங்கள் செய்கிற முறையில் அப்படி ஓர் இரட்டை இழை கிடைக்காது. கிடைத்தால், அந்தச் செடிக்குள் வைரஸ் இந்த நிமிடம் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

“அப்படின்னா இலையில வரி விழுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுருமா மேடம்?” என்று கேட்டேன்.

“தெரியணும்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பத்து வருடமாக நான் வரியைத் தேடி மலை ஏறியவன். வரிக்கு முன்னாலேயே கண்டுபிடிக்கலாம் என்றால் சிலிர்க்காதா?

வேலை இப்படி. மேலே குரங்கணியிலிருந்து இலைகளை ஐஸில் வைத்து ஜீப்பில் அடிவாரத்துப் போடி ஆய்வகத்துக்குக் கொண்டு வருவோம், கரண்டும் கருவிகளும் அங்கேதான். குளிர்ந்த கல்வத்தில் இலையைப் போட்டு, உப்புக் கரைசலும் பீனாலும் ஊற்றி அரைக்க வேண்டும். பீனால் கையில் பட்டால் முதலில் வெள்ளையாகும், பிறகுதான் எரியும். என் இடது மணிக்கட்டில் இன்னும் தழும்பு இருக்கிறது. அரைத்ததைச் சுழற்றும் இயந்திரத்தில் போட்டால் மேலே தெளிந்த நீர் நிற்கும், நடுவில் வெள்ளையாக ஓர் ஆடை. ஆடையைத் தொடாமல் மேல் நீரை மட்டும் உறிஞ்ச வேண்டும். அதில் சாராயத்தை அளந்து விட வேண்டும். அந்த அளவில்தான் உயிரே இருக்கிறது. குறைந்தால் எதுவும் ஒட்டாது, கூடினால் எல்லாமே ஒட்டிக்கொள்ளும். சரியாக விட்டால், செல்லுலோஸ் என்கிற பஞ்சு மாதிரியான தூளில் இரட்டை இழை மட்டும் ஒட்டிக்கொள்ளும், ஒற்றை இழைகள் வழிந்து போய்விடும். எங்களிடம் அதற்கென்று கண்ணாடிக் குழாய் இல்லை. பெரிய ஊசிக்குழாயின் அடியில் கண்ணாடி நார் அடைத்து, தூளை நிரப்பி, ஸ்டாண்டில் தொங்கவிட்டோம். சொட்டுச் சொட்டாக இறங்கும். கடைசியில் சாராயம் இல்லாத கரைசலை விட்டால், ஒட்டியிருந்தது பிடி விட்டு இறங்கி வரும்.

அதைக் கூழ் மாதிரியான ஒரு பலகையில் குழி குழியாக விட்டு, நாலு மணி நேரம் மின்சாரம் செலுத்தி, சாயம் ஏற்றி, இருட்டறையில் வயலட் விளக்கின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். இரட்டை இழை இருந்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு தெரியும். தலைமுடி அகலம்தான். அதோடு விட மாட்டார் மேடம். கிடைத்ததை இரண்டாகப் பிரித்து, ஆர்.என்.ஏ.வைத் தின்கிற நொதியை இரண்டிலும் விடச் சொல்வார், ஒன்றில் உப்பு நிறைய, இன்னொன்றில் உப்பே இல்லாமல். உப்பில் கோடு நின்று, உப்பில்லாததில் கோடு மறைந்தால்தான் அது இரட்டை இழை என்று ஒப்புக்கொள்வார்.

முதல் கோட்டைப் பார்த்த அன்று நான் இருட்டறைக் கதவில் தலையை இடித்துக்கொண்டு வெளியே ஓடி, ஜீப் டிரைவரைக் கட்டிப் பிடித்தேன். அவருக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

இந்த நேரத்தில்தான் மூக்கம்மா அக்காவின் தோட்டத்து விவகாரம் வந்தது.

குரங்கணிக்கு மேலே ஓர் ஓடையை ஒட்டி அவர் தோட்டம். இருநூற்றுச் சொச்சம் தூர். வீட்டுக்காரர் சிலமலையில் வயலைப் பார்த்துக்கொண்டார். மலைத்தோட்டம் முழுக்க மூக்கம்மாவின் கையில். ஐம்பது வயது இருக்கும், என்னைவிட வேகமாக மலை ஏறுவார். அவர் குடிசை வாசலில் ஒரு தூர் இருந்தது. ஒரே தூர் இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற அளவுக்கு விரிந்து, சரம் சரமாகக் காய்க்கும். அதை ‘வாசக்காரி’ என்பார்.

அந்த வருடம் அவர் தோட்டத்தில் பத்துப் பன்னிரண்டு தூரில் வரி விழுந்தது. பிடுங்கி எரித்துவிட்டார். ஆனால் சுற்றியிருந்த எஸ்டேட்காரர்கள் விடவில்லை. நோய் இங்கிருந்துதான் கிளம்புகிறது, மழைக்கு முன்னால் தோட்டம் முழுவதையும் அழிக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்கள். உத்தரவும் வருகிற மாதிரி இருந்தது. ஏலம் புதிதாக நட்டால் காய்க்க மூன்று வருடம் ஆகும். மூன்று வருடம் மூக்கம்மா மலையில் இருக்க வழியில்லை. தோட்டம் கைமாறிவிடும்.

“இலை பூராவும் பச்சப்பசேல்னு நிக்கிது தம்பி. எதக் கண்டு புடுங்கச் சொல்றாக? காச்ச வந்தவன் வீட்டுல இருக்கிற எல்லாத்தையுமா கொண்டுபோய்ப் பொதைப்பாக?” என்று என்னிடம் கேட்டார்.

நான் மேடத்திடம் சொன்னேன். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். “மிச்சம் இருக்கிற எல்லாத் தூரையும் பார்த்துடுவோம்” என்றார்.

ஐந்து தூரின் இலையைச் சேர்த்து ஒரு பொட்டலம். ஒரு நாளைக்கு நாலு பொட்டலம். மாசியில் ஆரம்பித்தோம். கூடவே ஒவ்வொரு முறையும் நோயுள்ள செடி ஒன்று, நல்ல செடி ஒன்று. நோயுள்ளதில் கோடு வர வேண்டும், நல்லதில் வரக் கூடாது. அந்த நல்ல செடிதான் எங்கள் தராசின் முள். இரண்டு வகையையும் குரங்கணியில் ஒரு வலைக்கூண்டுக்குள் வளர்த்தோம், நோயுள்ளது ஒரு கோடியில், நல்லது மறுகோடியில். கூண்டுக்குள் அசுவினி கிடையாது என்பதால் பயமில்லை.

மூன்று பொட்டலத்தில்தான் கோடு வந்தது. மற்றதெல்லாம் சுத்தம். அந்த மூன்று பொட்டலத்தின் பதினைந்து தூரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. அதைப் பார்க்க, உத்தரவு போட வேண்டிய அதிகாரியையும், எஸ்டேட்காரர்கள் சார்பில் மேல் எஸ்டேட் மேனேஜரையும் மேடமே அழைத்தார். அவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்றார். அதற்குள் பழைய நல்ல செடிகள் இலை கிள்ளிக் கிள்ளித் தீர்ந்துபோயிருந்தன. பங்குனித் தொடக்கத்திலேயே நான் போய், கட்டே எட்டிப் பார்க்காத ஒரு தனி நாற்றங்காலிலிருந்து நாலு நாற்று வாங்கி வந்து கூண்டில் வைத்திருந்தேன்.

சித்திரை பிறந்ததும் அந்த நாள் வந்தது. இருட்டறைக்குள் நாலு பேர். வயலட் விளக்கைப் போட்டேன். பதினைந்தில் ஏழு தூருக்குக் கோடு. எட்டுக்கு இல்லை. எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. அப்போது மேனேஜர் பலகையின் ஓரத்தைக் காட்டினார். அவர் மலையாளி, நல்ல மனிதர், கேள்வி கேட்காமல் விடமாட்டார்.

“மேடம், இது நல்ல செடியல்லே? இதிலும் கோடு உண்டல்லோ?”

நல்ல செடியின் இடத்தில், பளிச்சென்று, ஆரஞ்சுக் கோடு.

அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “நோயில்லாத செடியிலயும் வருதுன்னா இதை வச்சு நான் எதுவும் எழுத முடியாதும்மா. சித்திரை கடைசிக்குள்ள வேற ஆதாரம் இருந்தா கொடுங்க. இல்லைன்னா தோட்டத்தை எடுத்துடுறதுதான் வழி.”

அவர்கள் போன பிறகு மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். “பாண்டி சார்” என்றார். எனக்கு வேலை நிரந்தரமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. “கண்ணாடி கழுவினது, கரைசல் கலந்தது எல்லாம் நோட்டுல இருக்கு. சரியா இருக்கு. எழுதாம செஞ்சது என்ன?”

“ஒண்ணும் இல்ல மேடம்.”

“நாத்து வாங்கினதுலேருந்து சொல்லுங்க. கைய எங்க வச்சீங்க, கால எங்க வச்சீங்க, எல்லாம்.”

சொன்னேன். நாற்றைப் பெயர்த்தது, பஸ்சில் போடிக்கு வந்தது, ஜீப்புக்குக் காத்திருந்தது. “வெயிலு மேடம். வேரு காஞ்சுரக் கூடாதுன்னு ஆத்தோரம் ஒரு தோப்புல வாழை மட்டை உரிச்சு, அதுல சுத்திக் கொண்டாந்தேன். அப்படியே தொட்டியில எறக்கி வச்சேன்.”

பென்சில் நின்றது. “இதை ஏன் எழுதலை?”

“அத எதுக்கு மேடம் எழுதணும்? பூவுன்னாலும் வெத்தலைன்னாலும் எங்க ஊருல வாழை மட்டையிலதான சுத்துவாங்க?”

சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்தது. கட்டேயைப் பரப்பும் அசுவினிக்கு எங்கள் நிலையத்தில் வைத்திருந்த பெயரே வாழை அசுவினி. வாழையின் அடிமட்டை இடுக்குதான் அதன் வீடு. பத்து வருடம் அதைப் பற்றி விவசாயிகளுக்குப் பாடம் எடுத்தவன், அதையே சுமந்துகொண்டு போய்ப் பூச்சி புகாத கூண்டுக்குள் குடிவைத்திருக்கிறேன். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் முதல் ஜீப்பில் குரங்கணி போனோம். மேடம் கூண்டுக்குள் மண்டியிட்டு, நாற்றின் அடியில் நான் சுற்றியிருந்த காய்ந்த மட்டையைப் பிரித்தார். கைலென்சை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் தலையே நிமிரவில்லை. பிறகு லென்சை என்னிடம் நீட்டினார். பழுப்பு நிறத்தில் குடும்பம் குடும்பமாக அசுவினி. அங்கிருந்து பரவி நோயுள்ள செடிகளின் குருத்திலும் இருந்தது; நோயை எடுத்துக்கொண்டு நாற்றுக்கே திரும்பியிருக்கிறது.

“பாண்டி” என்றார். ‘சார்’ இல்லை. நிமிர்ந்து பார்த்தால் முகம் முழுக்கச் சிரிப்பு. “நம்ம கோடு பொய் சொல்லலை. நீங்க நல்ல செடின்னு நினைச்சது நல்ல செடி இல்லை. கோட்டுக்குத் தெரிஞ்சிருக்கு, நமக்குத்தான் தெரியலை. இலையைப் பாருங்க, ஒரு வரி இருக்கா?”

இல்லை. நாலு நாற்றும் பச்சையாக நின்றன. அங்கேயே அசுவினியைக் கொன்று, நாலையும் தனித்தனி வலைக்குள் பிரித்து வைத்தோம். நாலிலும் இலை எடுத்துப் போடியில் சோதித்தோம். மூன்றில் கோடு, ஒன்றில் இல்லை. மேடம் ஒரு காகிதத்தில் எழுதினார்: ஒன்று, இரண்டு, நாலு எண் நாற்றுகளில் வரி விழும், மூன்றாம் எண்ணில் விழாது. கவரில் போட்டு ஒட்டி, அதிகாரியிடம் நேரில் கொடுத்துவிட்டு வந்தார். சித்திரை கடைசியில் பிரித்துப் பாருங்கள் என்று சொல்லியிருந்தார்.

அடுத்து வந்த மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் காலையில் நாலு வலைக்கு முன்னாலும் போய்க் குந்துவேன். என் வாழ்க்கையில் கட்டே வரவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அப்போதுதான். மூக்கம்மா வேறு ஓடையைத் தாண்டி வந்து நிற்பார். “என்னா தம்பி, கோழி அடைகாக்குற மாதிரி உக்காந்திருக்க?” என்பார். சிரிப்பார், ஆனால் போகமாட்டார். நடந்ததை அவரிடம் மறைக்கவில்லை. என் தப்பால்தான் உங்கள் தோட்டம் ஊசலாடுகிறது என்று சொல்லிவிட்டேன். “மட்டையில சுத்துறது நானும் செய்றதுதான். அத விடு” என்றார். பிறகு, “அந்த மூணாவது செடி எதுக்கு? அதுதான் நல்லா இருக்கே?” என்று கேட்டார்.

“அது நல்லா இருந்தாத்தான்க்கா மத்தது கெட்டதுக்கு அர்த்தம் இருக்கு. எல்லாத்துலயும் வந்தாலும் தப்பு, எதுலயும் வரலைன்னாலும் தப்பு” என்றேன். அவர் மூன்றாவது வலையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே போனார்.

முதலில் இரண்டாம் எண்ணில் வரி விழுந்தது. குருத்து இலையைப் பிரித்தால், உள்ளே வெளிறிய கோடுகள் அச்சடித்த மாதிரி இருந்தன. நான்கு நாள் கழித்து ஒன்றாம் எண். நாலாம் எண் மட்டும் அடம்பிடித்தது. கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில் அதுவும் வரி காட்டியது. மூன்று சுத்தமாக நின்றது. நாலு செடியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அதிகாரியிடம் போனோம். இந்த முறை தனித்தனி வலைக்குள். அவர் கவரைப் பிரித்து, காகிதத்தைப் பார்த்து, செடியைப் பார்த்து, மறுபடி காகிதத்தைப் பார்த்தார். மேனேஜரும் இருந்தார். அவர்தான் முதலில் கை தட்டினார்.

தோட்டம் தப்பித்தது. கோடு காட்டிய ஏழு தூரை மட்டும் எடுத்தால் போதும் என்று உத்தரவானது. ஏழில் ஒன்று வாசக்காரி.

அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. மூக்கம்மா முதலில் நம்பவில்லை. நியாயம்தானே, அந்தத் தூரில் ஒரு வரி கிடையாது, சரம் சரமாகப் பூ. “அந்தக் கோட்ட நான் பாக்கணும்” என்றார். ஜீப்பில் போடிக்கு அழைத்து வந்து, இருட்டறையில் பலகையை வைத்துக் காட்டினேன்.

“இம்புட்டுக்காண்டு கோடா? இதுக்கா என் வாசக்காரியப் புடுங்கணும்?”

“இது நோயில்லக்கா. நோயி குட்டி போட்டுக்கிட்டு இருக்கிறதுக்கு அடையாளம்” என்றேன்.

அவர் விளக்கின் மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தார். முகத்தில் வயலட் வெளிச்சம். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வெரசாக் கொண்டுபோய் விடு தம்பி, சோலி கெடக்கு” என்றார். அன்றே மண்வெட்டி எடுத்து அவரே ஏழு தூரையும் தோண்டினார். வாசக்காரியைக் கடைசியாகத் தோண்டினார். நான் உதவிக்குப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ஆடி பிறந்து ஒரு காலை, குரங்கணிப் பஸ்சிலிருந்து இறங்கி நேராக ஆய்வகத்துக்குள் வந்தார் மூக்கம்மா. மூச்சு வாங்கியது. முகம் முழுக்கப் பல்.

“வரி விழுந்துருச்சு தம்பி.”

எனக்குப் பகீரென்றது. “எதுல?”

“வாசக்காரியிலதான். தோண்டும்போது ஒரு தட்டைய வேரோட எடுத்து மண்ணெண்ணெய் டின்னுல வச்சு, கொசுவலை போட்டு மூடி வச்சேன். நீங்க சொன்னது மெய்தானான்னு பாக்கணும்ல? பக்கத்துல இன்னொரு டின்னு. அதுல கோடு வராத தூர்லயிருந்து ஒரு தட்டை. அது நல்லாத்தான் நிக்கிது. இதுலதான் விழுந்திருக்கு. டின்னு, தட்டை எல்லாத்தையும் நெருப்புல போட்டுட்டுத்தான் வந்தேன். இந்த ஒரு இலைய மட்டும் கொண்டாந்தேன்.”

மடியிலிருந்து எடுத்து விரித்தார். செய்தித்தாளில் சுற்றியிருந்தார். “மட்டையில சுத்தல, பாத்துக்க” என்றார்.

தன் தோட்டத்திலேயே சிறந்த தூரில் கட்டே வந்ததற்காக இப்படிச் சந்தோஷப்பட்ட ஒரு மனுஷியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்த வரி மெய் என்றால் மிச்சத் தோட்டம் சுத்தம் என்பதும் மெய். அடுத்த வருடம் இரண்டு தூரில் வரி கண்டு பிடுங்கினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதோடு நின்றது. அவர் மலையை விட்டு இறங்கவில்லை.

சத்தம் கேட்டு மேடம் உள்ளேயிருந்து வந்தார். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு டின் கதையையும் கேட்டார். தன் நாற்காலியை இழுத்து மூக்கம்மாவுக்குப் போட்டுவிட்டு, நோட்டைத் திறந்து, பென்சிலை எடுத்தார். எங்களை எல்லாம் கேட்கும் அதே குரலில் கேட்டார்:

“சொல்லுங்கம்மா. எழுதாம செஞ்சது ஏதாவது உண்டா?”

மூக்கம்மா சிரித்தார். “எனக்கு எழுதவே தெரியாதே ஆத்தா. செஞ்சது பூராவும் எழுதாம செஞ்சதுதான்.”

“சரி, நான் எழுதுறேன்” என்றார் மேடம். தேதி போட்டார். சோதனை செய்தவர் என்கிற இடத்தில், முதல் தடவையாக எங்கள் யார் பெயரும் இல்லாமல், மூக்கம்மா, குரங்கணி என்று எழுதினார்.